விஞ்ஞானமுறைக் குறிப்பீடு: தசமப் புள்ளி எந்தப் பக்கம் போனால் சுட்டி கூடும்?

#1 எழுவான்கரை

தரம் 9, 10 பிள்ளைகளுக்குச் சுட்டிகள் பாடம் எடுக்கிற ஆக்களிட்டக் கேட்கிறேன். விஞ்ஞானமுறைக் குறிப்பீடு எண்டால் ஓர் எண்ணை 1 அல்லது அதுக்கு மேல், 10ஐ விடக் குறைந்த ஓர் எண் × 10இன் வலு எண்டு எழுதுவது. ஒரே வகுப்பின் கொப்பிகளில் திரும்பத் திரும்ப வருகிற பிழைகள் இவை:

அ) 0.00047 = 4.7 × 10⁴
ஆ) 36.2 × 10⁵ = 3.62 × 10⁴
இ) 3 × 10⁵ + 4 × 10³ = 7 × 10⁸
ஈ) 2⁻³ = −8
உ) (6 × 10⁴)² = 6 × 10⁸

சுட்டி விதி எல்லாம் பாடம். கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாங்க. எழுதச் சொன்னால் இப்படி. "புள்ளி இடப்பக்கம் போனால் நேர், வலப்பக்கம் போனால் மறை" எண்டுதான் பழக்கியிருக்கு. (அ) கவனயீனம் எண்டு விட்டாலும் (ஆ) அப்படி இல்லை. அதில் பாதி வகுப்பு விழுது. எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்?

#2 படுவான்

(ஈ) யில் இருந்து தொடங்குங்க சேர். மறைச் சுட்டி எண்டால் என்னவெண்டு விளங்காத பிள்ளைக்கு (அ) ஒருநாளும் சரிவராது.

வரைவிலக்கணம் சொல்ல முதல் இந்த இறக்கத்தை எழுத விடுங்க:

2³ = 8
2² = 4
2¹ = 2
2⁰ = ?
2⁻¹ = ?

ஒவ்வொரு வரியிலும் சுட்டி 1 குறையுது, விடை 2ஆல் வகுபடுது. அதே நடையில் போனால் 2⁰ = 1, 2⁻¹ = 1/2, 2⁻² = 1/4, 2⁻³ = 1/8. எவ்வளவு கீழே இறங்கினாலும் விடை பூச்சியத்தைத் தாண்டாது. மறைச் சுட்டி எண்ணைச் சின்னனாக்கும், மறையாக்காது. பிறகு அடியை 10 ஆக்கி அதே இறக்கம்: 1000, 100, 10, 1, 0.1, 0.01. இவ்வளவும் ஆன பிறகு விதியைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.

இதே இடத்தில் இன்னும் மூன்றைச் சேர்த்து அடைச்சு விடலாம்.

(−2)⁴ = 16, ஆனால் −2⁴ = −16. அடைப்புக்குறி இல்லாவிட்டால் சுட்டி தனக்குக் கீழே ஒட்டியிருக்கிற 2ஐ மட்டும்தான் பிடிக்கும்.

5 × 4⁻² எண்டால் 5/16. சுட்டி 4க்குரியது, 5க்கு இல்லை. 1/400 எண்டு எழுதின பிள்ளை (5 × 4)⁻² ஐக் கணிச்சிருக்கு.

2³ × 3² ஐ 6⁵ எண்டு எழுதுவது. அடி வேறு வேறாக இருந்தால் சுட்டியைக் கூட்டுகிற விதிக்கு அங்கே வேலையே இல்லை. 8 × 9 = 72. ஆனால் 6⁵ = 7776. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்க, வேறு விளக்கம் தேவைப்படாது.

#3 சாய்ந்தமருது_கணக்கு

ஸலாம் எல்லோருக்கும். இடம் வலம் விதியைக் கொஞ்ச நாளைக்குக் கைவிடச் சொல்லுவன். படுவான் சொன்னதைச் செய்தாலும் (ஆ) மாறாது, ஏனெண்டால் (ஆ) வுக்குக் காரணமே அந்த விதிதான்.

36.2 ஐ 3.62 ஆக்கப் புள்ளி இடப்பக்கம் ஒரு தானம் போகுது. பிள்ளை யோசிக்கிறது: "36.2 சின்னனாகிட்டுது, அப்ப 10⁵ உம் சின்னனாகணும்." இரண்டையும் ஒரே திசையில் இழுத்துவிடுது. இன்னொரு பிள்ளை "இடம் எண்டால் நேர்" எண்டு பாடமாக்கி, ஏற்கெனவே இருந்த 5ஐ மறந்து 3.62 × 10¹ எண்டு எழுதுது. இரண்டு பிழைக்கும் வேர் ஒண்டுதான்: மொத்தப் பெறுமானம் மாறக்கூடாது எண்ட எண்ணம் தலையில் இல்லை.

காசு மாதிரி சொல்லிப் பார்க்கலாம். 5000 ரூபாய்த் தாள் இரண்டை 500 ரூபாய்த் தாளாக மாற்றினால் இருபது தாள். எண்ணிக்கை பத்து மடங்கு கூடினது, தாளின் பெறுமதி பத்தில் ஒண்டாகினது, கையில் இருக்கிற காசு அதே பத்தாயிரம்.

அப்ப விதி ஒரே வரி: முன்னால் நிற்கும் எண் சிறுத்தால் சுட்டி வளரும், முன் எண் வளர்ந்தால் சுட்டி சிறுக்கும். எத்தனை தானமோ அத்தனை.

36.2 × 10⁵ இல் 36.2 ஒரு தானம் சிறுத்து 3.62. ஆகவே 5 ஒண்டு வளர்ந்து 6. விடை 3.62 × 10⁶.

0.036 × 10⁵ இல் முன் எண் இரண்டு தானம் வளர்ந்து 3.6. ஆகவே 5 இரண்டு குறைந்து 3. விடை 3.6 × 10³.

மறைச் சுட்டியிலும் இதே விதிதான். 45 × 10⁻⁷: 45 சிறுத்து 4.5, −7 ஒண்டு வளர்ந்து −6. இந்த இடத்தில் −8 எழுதுகிற ஆக்கள் நிறைய. −7ஐ விடப் பெரிசு −6 எண்டது எண்கோட்டில் பார்த்தால்தான் தெரியும், அதனால் முதலில் எண்கோட்டைக் கீறுங்க.

#4 எழுவான்கரை

சாதாரண எண்ணுக்கு? 0.00047 இல் சுட்டியே இல்லையே, எதைக் கூட்டிக் கழிக்கிறது?

#5 சாய்ந்தமருது_கணக்கு

இருக்கு சேர், கண்ணுக்குத் தெரியவில்லை அவ்வளவுதான். 10⁰ = 1. எந்த எண்ணுக்குப் பின்னாலும் × 10⁰ எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்க.

0.00047 × 10⁰: முன் எண் நாலு தானம் வளர்ந்து 4.7. பூச்சியம் நாலு குறைந்து −4. விடை 4.7 × 10⁻⁴.

61 800 × 10⁰: நாலு தானம் சிறுத்து 6.18. பூச்சியம் நாலு வளர்ந்து 4. விடை 6.18 × 10⁴.

ஒரே விதி, இரண்டு பக்கமும் வேலை செய்யும். பூச்சியங்களை எண்ணி சுட்டி போடுகிற பழக்கத்தையும் இப்பவே நிப்பாட்டுங்க. 61 800 இல் பூச்சியம் இரண்டு, சுட்டி 4. 0.00047 இல் புள்ளிக்குப் பின்னால் பூச்சியம் மூன்று, சுட்டி −4. எண்ண வேண்டியது புள்ளி தாண்டின தானங்களை.

#6 படுவான்

நானா சொல்லுகிறது சரிதான். ஆனால் இடம் வலம் விதியை ஒரேயடியாக எறியவும் ஏலாது. பாடசாலையில் அதைத்தான் கரும்பலகையில் எழுதுவாங்க, பிள்ளை இரண்டு வழிக்கு நடுவில் குழம்பும். வகுப்பில் கேட்டது இருக்கட்டும், விடை வந்த பிறகு ஒரு சோதனையை மட்டும் கட்டாயமாக்குங்க: "தொடக்க எண் 1ஐ விடச் சின்னனா? அப்ப சுட்டி மறை. 10 அல்லது அதுக்கு மேலா? சுட்டி நேர். 1க்கும் 10க்கும் நடுவிலா? சுட்டி 0." பத்து விநாடி வேலை, (அ) வகைப் பிழை முழுக்க இதில் பிடிபடும். நாலு இடத்தில் பூச்சியத்தோடு வந்த எண்ணுக்கு 10⁴ போட்டதை எந்தப் பிள்ளையும் தானாகவே கண்டுபிடிக்கும்.

#7 சாய்ந்தமருது_கணக்கு

சோதனைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது (ஆ) வைப் பிடிக்காது, கவனியுங்க. 3.62 × 10⁴ உம் நேர்ச் சுட்டி, 3.62 × 10⁶ உம் நேர்ச் சுட்டி. அதுக்கு விரிச்சு எழுதிப் பார்க்கத்தான் வேணும்: 36.2 × 100 000 = 3 620 000. மில்லியனில் நிற்கிற எண், 10⁴ எப்படி வரும்?

#8 வட்டைக்காரன்

(இ) யைத் தொடாமல் விட்டிட்டீங்க எல்லாரும். என் பார்வையில் ஆபத்தானது அதுதான், ஏனெண்டால் பெருக்கல் விதி நல்லாப் பாடமாக இருக்கிற பிள்ளைதான் அதில் விழும்.

3 × 10⁵ + 4 × 10³ எண்டால் மூன்று இலட்சத்தோடு நாலாயிரம். 304 000. இதை வாயால் சொல்ல வைத்தாலே 7 × 10⁸ எழுதின பேனை நிண்டுவிடும், எழுபது கோடி ஆச்சே.

முறை: கூட்டல் கழித்தலுக்குச் சுட்டியைச் சமப்படுத்து, பெரிய சுட்டிக்கு. 4 × 10³ = 0.04 × 10⁵. மறுகா முன் எண்களைக் கூட்டு: 3.04 × 10⁵. சின்னச் சுட்டிக்குச் சமப்படுத்தினாலும் விடை வரும், 300 × 10³ + 4 × 10³ = 304 × 10³. ஆனால் கடைசியில் திரும்பவும் ஒழுங்குபடுத்த வேணும். அந்த மேலதிக படியில்தான் பலருக்குச் சுட்டி வழுக்கும்.

கழித்தலில் இன்னொரு பொறி: 5.03 × 10⁷ − 4.98 × 10⁷ = 0.05 × 10⁷ = 5 × 10⁵. நடுவிலேயே நிப்பாட்டி 0.05 × 10⁷ எண்டு எழுதினால் பெறுமானம் சரி, வடிவம் பிழை. முன் எண் 1 அல்லது அதுக்கு மேல், 10ஐ விடக் குறைய இருக்க வேணும். 10.0 உம் கூடாது. 9.996 × 10⁴ ஐ இரண்டு தசம தானத்துக்கு மட்டந்தட்டினால் 10.00 × 10⁴ எண்டு நிற்காமல் 1.00 × 10⁵ எண்டு எழுதுங்க.

ஊர்க்கணக்கு ஒண்டும் தாறேன். இங்கினியாகலையில் இருக்கிற சேனநாயக்க சமுத்திரம் எண்ட நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 770 000 ஏக்கர் அடி எண்டு நீர்ப்பாசனக் கணக்குகளில் வரும். ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1233 கன மீற்றர்.

7.7 × 10⁵ × 1.233 × 10³
= (7.7 × 1.233) × 10⁵⁺³
= 9.49 × 10⁸ கன மீற்றர்.

கிட்டத்தட்ட 95 கோடி கன மீற்றர். இப்ப மட்டக்களப்பு மாவட்டம் முழுக்க ஒரே சீராக 100 மி.மீ. மழை பெய்ததாக வைப்போம். மாவட்டப் பரப்பு உள்நாட்டு நீர்நிலைகளோடு சேர்த்து 2854 சதுர கிலோமீற்றர். விழுந்த தண்ணி எவ்வளவு, அது சமுத்திரத்தில் எத்தனை பங்கு? ஆராவது செய்து போடுங்க.

#9 கல்முனை_வாசி

2.854 × 10³ சதுர கி.மீ. = 2.854 × 10⁶ சதுர மீற்றர். 100 மி.மீ. = 10⁻¹ மீற்றர். பெருக்கினால் 2.854 × 10⁵ கன மீற்றர். சமுத்திரத்தோடு ஒப்பிட்டால் 3 × 10⁻⁴. பத்தாயிரத்தில் மூன்று பங்கா? மழைக்கு அவ்வளவுதானா?

#10 வட்டைக்காரன்

அலகில் இடறியிருக்கு தம்பி. சுட்டி விதி எல்லாம் சரி.

1 கி.மீ. = 10³ மீ. அதனால் 1 சதுர கி.மீ. = (10³)² = 10⁶ சதுர மீ. ஒரு பக்கம் ஆயிரம் மீற்றர், மற்றப் பக்கமும் ஆயிரம் மீற்றர். 10³ ஐ ஒருக்காப் பெருக்கினால் ஒரு பக்கம் மட்டும்தான் மாறினது.

2.854 × 10³ × 10⁶ = 2.854 × 10⁹ சதுர மீ.
2.854 × 10⁹ × 10⁻¹ = 2.854 × 10⁸ கன மீ.
(2.854 × 10⁸) ÷ (9.49 × 10⁸) = 0.30

ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு. மாரி மழையில் ஆறும் வாவியும் ஏன் அப்படிப் பெருகுது எண்டது இந்த ஒரு வரியில் தெரியும்.

இது எழுவான்கரை சேரின் (உ) வோடு ஒரே குடும்பம். (6 × 10⁴)² இல் சுட்டி 2, உள்ளே இருக்கிற இரண்டுக்கும் போக வேணும்: 6² × 10⁸ = 36 × 10⁸ = 3.6 × 10⁹. அலகுக்கும் அதேதான். 1 செ.மீ. = 10⁻² மீ. எண்டால் 1 கன செ.மீ. = 10⁻⁶ கன மீ. கனம் எண்டால் மும்மடங்குச் சுட்டி. இதை ஒரு முறை அடைப்புக்குறி போட்டு எழுத வைத்தால் போதும், மனனம் வேண்டாம்.

#11 அக்கரை_வாசகி

வகுத்தலில் சுட்டியைக் கழிக்கும்போது மறையில் இருந்து மறை கழிக்க வருகிற இடத்துக்கு நல்ல உதாரணம் இருக்கா? −3 − (−8) வந்ததும் பிள்ளைகள் −11 எண்டுதான் எழுதுகிறார்கள்.

#12 வட்டைக்காரன்

நெல்லையே எடுங்க ரீச்சர். ஆயிரம் நெல்மணி 25 கிராம் எண்டு வைத்துக்கொள்வோம். இனத்துக்கு இனம் கூடிக் குறையும், கணக்குக்கு இது போதும். ஒரு மணி 2.5 × 10⁻² கிராம், அதாவது 2.5 × 10⁻⁵ கிலோ. 50 கிலோ மூட்டையில் எத்தனை மணி?

(5 × 10¹) ÷ (2.5 × 10⁻⁵) = 2 × 10¹⁻⁽⁻⁵⁾ = 2 × 10⁶

இருபது இலட்சம். 1 − 5 = −4 எண்டு எழுதினால் 2 × 10⁻⁴ மணி. மூட்டைக்குள் ஒரு மணியின் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் கிடக்கு எண்டு அர்த்தம். வட்டைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும், சிரிச்ச பிள்ளை திருப்பிப் பிழைக்காது.

எழுதுகிற முறையிலும் ஒரு கவனம்: சுட்டியைக் கழிக்கும்போது இரண்டாவது சுட்டியை எப்பவும் அடைப்புக்குறிக்குள் போட வேணும், அது நேராக இருந்தாலும். பழக்கம் வந்த பிறகு விட்டுவிடலாம்.

#13 படுவான்

சுகாதாரப் பாடத்தோடு சேர்த்தும் ஒண்டு கேட்கலாம். டெங்கு வைரஸின் விட்டம் சுமார் 50 நானோமீற்றர், செங்குழியம் சுமார் 7.5 மைக்ரோமீற்றர். நானோ 10⁻⁹, மைக்ரோ 10⁻⁶.

50 × 10⁻⁹ = 5 × 10⁻⁸ மீ.
(7.5 × 10⁻⁶) ÷ (5 × 10⁻⁸) = 1.5 × 10² = 150 மடங்கு.

ஒப்பிடுகிற கேள்வியில் முதலில் சுட்டியைப் பார்க்கப் பழக்குங்க. 9.5 × 10⁷ பெரிசா, 3 × 10⁸ பெரிசா எண்டால் 9.5 ஐப் பார்த்து மயங்குவாங்க. சுட்டி சமனாக இருந்தால் மட்டும் முன் எண்ணுக்குப் போங்க. மறையில் 10⁻⁵ தான் 10⁻⁸ ஐ விடப் பெரிசு.

#14 கல்முனை_வாசி

பத்திரிகையில் மில்லியன், பில்லியன் வருது, வீட்டில் இலட்சம், கோடி. இரண்டையும் சுட்டியில் எப்படி வைப்பது?

#15 சாய்ந்தமருது_கணக்கு

இலட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷, பில்லியன் 10⁹, திரில்லியன் 10¹². 350 மில்லியன் ரூபாய் எண்டால் 3.5 × 10⁸. கோடியாக்க 10⁷ ஆல் வகுங்க: 3.5 × 10¹ = 35 கோடி. திரில்லியன் எண்டது இலட்சம் கோடி, 10⁵ × 10⁷ = 10¹². இதுக்கு மேல் மனதில் வைக்க ஒண்டும் இல்லை.

#16 அக்கரை_வாசகி

தரம் 10 பிள்ளைகளுக்கு மடக்கை தொடங்கப்போகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிகருவி இல்லை, அட்டவணைதான். விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டை அதோடு தொடுத்துக் கற்பிக்கலாமா, அல்லது இரண்டையும் தனித்தனியாக விடுவது நல்லதா?

#17 சாய்ந்தமருது_கணக்கு

தொடுத்தே ஆகணும். ஓர் எண்ணின் மடக்கை எண்டது, 10க்கு எந்தச் சுட்டி போட்டால் அந்த எண் வரும் எண்டதுதான். அதன் முழுஎண் பகுதியான சிறப்பியல்பு, விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டின் சுட்டியேதான். தசமக்கூட்டு, அதாவது தசமப் பகுதி, முன் எண்ணின் மடக்கை.

528 = 5.28 × 10². அட்டவணையில் 5.28 க்கு 0.7226. ஆகவே மடக்கை 2.7226.

0.0347 = 3.47 × 10⁻². அட்டவணையில் 3.47 க்கு 0.5403. மடக்கை 2̄.5403. தலையில் கோடு போட்டதுக்குக் காரணம், மறை 2க்கு மட்டும். 0.5403 நேர்தான். மொத்தம் −2 + 0.5403. இதை −2.5403 எண்டு எழுதினால் எல்லாம் போச்சு.

0.0347 × 528 க்கு இரண்டையும் கூட்டணும். தசமப் பகுதி 0.5403 + 0.7226 = 1.2629, ஒண்டு மிஞ்சுது. சிறப்பியல்பு −2 + 2 + 1 = 1. மொத்தம் 1.2629. முரண்மடக்கையில் (மடக்கையில் இருந்து எண்ணைத் திரும்ப எடுக்கிற அட்டவணை) .2629 க்கு 1.832, சுட்டி 1, விடை 18.32. நேரடியாகப் பெருக்கினால் 18.3216. பொருந்துது.

உண்மையான வில்லங்கம் மூலம் எடுக்கும்போது. 0.0347 இன் கனமூலத்துக்கு 2̄.5403 ஐ 3ஆல் வகுக்க வேணும். −2 மூன்றால் சரியாக வகுபடாது. அதனால் ஒண்டைக் கடன் எடுத்து −3 ஆக்கி, அந்த ஒண்டைத் தசமப் பகுதிக்குக் கொடுங்க: −3 + 1.5403. இப்ப வகுத்தால் −1 + 0.5134, அதாவது 1̄.5134. விடை 0.326. 0.326 ஐ மும்முறை பெருக்கிப் பாருங்க, 0.0346 வரும்.

இதே வித்தையை மடக்கை இல்லாமலும் முன்கூட்டியே பழக்கலாம். √(4.9 × 10⁻⁵) கேட்டால் சுட்டி ஒற்றை எண், இரண்டால் வகுபடாது. 49 × 10⁻⁶ ஆக்குங்க: 7 × 10⁻³. தரம் 9 இல் இதைச் செய்த பிள்ளைக்குத் தரம் 10 இல் கோடு போட்ட இரண்டு பேய் மாதிரித் தெரியாது.

#18 எழுவான்கரை

உயர்தர விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளை வீட்டில் கணிகருவியில் செய்து, விடை தாறுமாறாக வருது எண்டு கொண்டு வந்திருக்கு. ஒரு நீர் மூலக்கூறின் திணிவு காண, 18 கிராம் நீரை அதில் இருக்கிற மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் வகுக்கிற கணக்கு: 18 ÷ 6.022 × 10²³. கருவி 2.99 × 10²³ காட்டுது.

#19 படுவான்

பெருக்கல் குறியை அழுத்தி, 10 அழுத்தி, அடுக்குப் பொத்தானை அழுத்தியிருப்பார். கருவி இடமிருந்து வலம் போகும்: முதலில் 18 ÷ 6.022, பிறகு அந்த விடையை 10²³ ஆல் பெருக்கும். வகுக்க வேண்டிய 10²³ ஐப் பெருக்கிவிட்டது.

திருத்தம் இரண்டு. ஒண்டு, 6.022 × 10²³ முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போடுவது. மற்றது, கசியோ போன்ற கருவிகளில் இதுக்கென்றே இருக்கிற பொத்தான். புதியவற்றில் "× 10" எண்டு ஒரே பொத்தானாக இருக்கும், பழையவற்றில் எக்ஸ்ப் எண்டு எழுதியிருக்கும். அது 6.022 × 10²³ ஐ ஒரே எண்ணாக எடுக்கும். அந்தப் பொத்தானுக்கு முன்னால் பெருக்கல் குறியும் 10 உம் அழுத்தக் கூடாது. 10 ஐ அழுத்திப் பெருக்கிவிட்டு அதையும் அழுத்தினால் விடை பத்து மடங்கால் பிழைக்கும்.

சரியான விடை 2.99 × 10⁻²³ கிராம், ஒரு நீர் மூலக்கூறின் திணிவு. கருவி காட்டின 2.99 × 10²³ கிராம் எண்டால் 2.99 × 10²⁰ கிலோ. சந்திரனின் திணிவு 7.35 × 10²² கிலோ. ஒரு நீர் மூலக்கூறு சந்திரனில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு பாரம் எண்டு வந்தால் தாளில் எழுத முதல் ஒருக்கா நிண்டு யோசிக்க வேணாமா?

#20 கல்முனை_வாசி

எக்செல்லிலும் இதே தொந்தரவு. அடையாள அட்டை இலக்கம் 12 எண்ணையும் அடிச்சால் 2.00012ஈ+11 மாதிரி மாறுது. (நடுவில் வருகிறது ஆங்கில எழுத்து.)

#21 படுவான்

அந்த எழுத்துக்கு "பெருக்கல் பத்தின் வலு" எண்டு அர்த்தம். +11 எண்டால் 10¹¹. பொது வடிவத்தில் இருக்கிற கட்டத்தில் 12 இலக்கமோ அதுக்கு மேலோ அடிச்சால் எக்செல் தானாக விஞ்ஞானமுறைக்கு மாற்றிக் காட்டும். எண் உள்ளே பத்திரமாக இருக்கும், கட்டத்தின் வடிவத்தை எண் எண்டு மாற்றித் தசம தானத்தைப் பூச்சியமாக்கினால் திரும்ப வரும்.

ஆனால் 15 இலக்கத்துக்கு மேல் போனால் கதை வேறு. எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்திருக்கும், 16ஆவது இலக்கம் பூச்சியமாகிவிடும், திருப்பி எடுக்க வழி இல்லை. வங்கி அட்டை இலக்கம் 16. அதனால் அடிக்க முதலே அந்த நிரலை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்க. கூட்டிப் பெருக்கப் போகாத இலக்கம் எதையும் எண்ணாக வைக்கத் தேவையில்லை.

#22 அக்கரை_வாசகி

4500, 4.5 × 10³, 4.50 × 10³ மூன்றும் சமன்தானே? விஞ்ஞான ஆசிரியர் கடைசிப் பூச்சியத்தை விட்டதற்குப் புள்ளி குறைக்கிறார் என்று முறைப்பாடு.

#23 சாய்ந்தமருது_கணக்கு

கணிதத்தில் சமன். அளவீட்டில் இல்லை. 4.50 × 10³ எண்டால் மூன்று இலக்கமும் நம்பகமாக அளந்தது, உண்மைப் பெறுமானம் 4495க்கும் 4505க்கும் நடுவில். 4.5 × 10³ எண்டால் 4450க்கும் 4550க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். வெறும் 4500 எண்டு எழுதினால் பின்னால் நிற்கும் பூச்சியங்கள் அளந்ததா, இடம் நிரப்பினதா எண்டு வாசிக்கிறவருக்குத் தெரியாது. ஆய்வுகூடக் கொப்பியில் புள்ளி குறைச்சது நியாயம்தான் ரீச்சர்.

#24 வட்டைக்காரன்

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுகிற கணக்கு இந்தப் பாடத்துக்கு நல்லாப் பொருந்தும். கிணற்றில் 4 கன மீற்றர் தண்ணி. 1 கன மீ. = 10³ லீற்றர், ஆகவே 4 × 10³ லீற்றர். லீற்றருக்கு 5 மில்லிகிராம் குளோரின் தேவை எண்டு வைப்போம். கணக்குக்கு மட்டும்தான் அந்த 5. உண்மையில் போடும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லுகிற அளவை எடுங்க.

4 × 10³ × 5 = 20 × 10³ = 2 × 10⁴ மி.கி.
2 × 10⁴ × 10⁻³ = 2 × 10¹ = 20 கிராம் குளோரின்.

தூளில் 30 சதவீதம்தான் செயல்படும் குளோரின் எண்டால் 20 ÷ 0.3, ஏறத்தாழ 67 கிராம் தூள். மி.கி. இலிருந்து கிராமுக்கு 10⁻³ க்குப் பதில் 10³ போட்டால் 2 × 10⁷ கிராம், அதாவது 20 தொன். ஒரு கிணற்றுக்கு இருபது தொன் குளோரின்! 4 கன மீற்றர் தண்ணியே நாலு தொன்தான்.

#25 எழுவான்கரை

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் கொடுக்க இதை வைத்திருக்கிறேன், பாருங்க:

1) 0.072 × 10⁻³
2) 8.4 × 10⁻⁶ + 5 × 10⁻⁷
3) √(6.4 × 10⁷)
4) (3 × 10⁻⁴)³
5) 2.1 × 10⁶ − 9 × 10⁵
6) சூரியனில் இருந்து ஒளி பூமிக்கு வர எடுக்கும் நேரம். தூரம் 1.5 × 10¹¹ மீ., ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 × 10⁸ மீ.

#26 கல்முனை_வாசி

1) 7.2 × 10⁻⁵
2) 8.9 × 10⁻⁶
3) 64 × 10⁶ ஆக்கி 8 × 10³
4) 9 × 10⁻¹²
5) 1.2 × 10⁶
6) 0.5 × 10³ = 5 × 10² செக்கன், 8 நிமிடம் 20 செக்கன்

#27 சாய்ந்தமருது_கணக்கு

4ஐத் திரும்பப் பாருங்க தம்பி. 10⁻¹² சரி. 3³ எண்டால் 27, 9 இல்லை. 27 சிறுத்து 2.7, −12 ஒண்டு வளர்ந்து −11. விடை 2.7 × 10⁻¹¹. சேர், 5ஆம் கேள்வியில் 9 ஐ 0.9 ஆக்காமல் 2.1 − 9 = −6.9 எண்டு எழுதுகிற ஆக்களைத் தனியாக எண்ணிப் போடுங்க. அவங்களுக்கு (இ) ஐ இன்னொருக்கா எடுக்க வேண்டி வரும்.